எலி மூளையில் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்: ரெம் தூக்கத்தை ஆன் பண்றது யாரு?

ஒரு ஆய்வக எலி தூங்கிட்டு இருக்கு. தலையில் பொருத்திய எலக்ட்ரோடில் இருந்து இஇஜி சிக்னல் வருது. பெரிய, மெதுவான அலைகள். அதிர்வெண் 4 ஹெர்ட்ஸுக்குக் கீழே. திடீர்னு சில நொடிகளில் படமே மாறிடுது. பெரிய அலைகள் காணோம். அதுக்குப் பதிலா சின்னச் சின்ன வேகமான அலைகள், நடுவில் 6 முதல் 9 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு சீரான தீட்டா தாளம். இஇஜியை மட்டும் பார்த்தா "எலி முழிச்சிடுச்சு"ன்னு சத்தியம் பண்ணிடலாம். ஆனா கழுத்துத் தசையில் வச்ச இஎம்ஜி கிட்டத்தட்ட நேர்கோடு. மூளை ஓடுது, உடம்பு அசையலை. இதுதான் ரெம் தூக்கம்.

கேள்வி ரொம்ப சிம்பிள். அந்த ஸ்விட்சைப் போட்டது யாரு?

பல வருஷமா பாடப்புத்தகங்கள் சொன்ன பதில்: மூளைத்தண்டில் இருக்குற ஒரு சின்னக் கூட்டம் கோலினெர்ஜிக் நியூரான்கள். அந்தப் பதில் எப்படி வந்தது, எப்படி ஆட்டம் கண்டது, இப்போ எந்த நிலையில் இருக்குங்கறதுதான் இந்தக் கட்டுரை. "எலி தூங்கினா நமக்கென்ன"ன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. இதே நியூரான் கூட்டம் மனுஷனுக்கும் இருக்கு. பார்கின்சன் நோயில் அது அழியுது. அந்த இடத்தில் நிஜமான நோயாளிகளுக்கு எலக்ட்ரோடும் வச்சிருக்காங்க. வயரிங் டயக்ராம் தப்பா இருந்தா என்ன ஆகும்னு நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதல்ல கெமிக்கல்

கோலினெர்ஜிக் நியூரான்னா அசிட்டைல்கோலினைத் தயாரிச்சு வெளியே விடுற நியூரான். அவ்வளவுதான் அர்த்தம்.

இந்த அசிட்டைல்கோலின் கதை ஒரு தவளை இதயத்தில் தொடங்குது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் ஓட்டோ லோவி 1921-ல் வெளியிட்ட சோதனை. ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! ரெண்டாவது இதயத்துக்கும் நரம்புக்கும் எந்த கனெக்ஷனும் இல்லை. அப்போ நரம்பு ஏதோ ஒரு கெமிக்கலை விட்டிருக்கணும். அது அசிட்டைல்கோலின்னு பிறகு உறுதியாச்சு. 1936-ல் லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைச்சது.

இதில் கவனிக்க வேண்டிய ஒண்ணு: அந்த வேகஸ் நரம்பு கிளம்புற இடமே மூளைத்தண்டுதான்.

தயாரிப்பு முறை ரெண்டு வரி. கோலினையும் அசிட்டைல் கோ-ஏ-வையும் சேர்த்து, கோலின் அசிட்டைல்டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி இதைச் செய்யுது. சுருக்கமா 'சாட்'னு வச்சுக்கலாம். வேலை முடிஞ்சதும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற இன்னொரு நொதி அதை உடைச்சுப் போட்டுடும். ஒண்ணு சமையல்காரர், இன்னொண்ணு குப்பை அள்ளுறவர். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்குங்க, கொஞ்ச நேரத்தில் வேணும்.

வாங்குற பக்கம் ரெண்டு வகை ரிசெப்டார். நிகோடினிக் வகை நேரடியா ஒரு அயனி வாசலைத் திறந்துடும், மில்லிசெகண்டில் வேலை முடியும். மஸ்கரினிக் வகை (எம்1 முதல் எம்5 வரை அஞ்சு இருக்கு) செல்லுக்குள்ளே ஒரு புரதச் சங்கிலி வழியா வேலை செய்யும், மெதுவானது. நம்ம பாஷையில் சொன்னா, முதல் வகை ஸ்விட்ச், ரெண்டாவது வகை டிரான்சிஸ்டரோட பயாஸை மாத்துறது மாதிரி. சிக்னலை அனுப்பறதில்லை, அடுத்து வர்ற சிக்னலுக்கு சர்க்யூட் எப்படி நடந்துக்கணும்னு செட் பண்ணுது.

மூளைத்தண்டில் எங்கே?

மூளைத்தண்டுன்னா மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கிற தண்டு. மேலிருந்து கீழே நடுமூளை, பான்ஸ், மெடுல்லா. இதில் கோலினெர்ஜிக் நியூரான்களை ரெண்டு குழுவாப் பிரிக்கலாம்.

முதல் குழு, வெளியே போற வயர்கள். மூளை நரம்புகளின் மோட்டார் மையங்கள் எல்லாம் இதில் அடக்கம். கண் தசைக்குப் போறது, தாடைக்குப் போறது, நாக்குக்குப் போறது, வேகஸ் வழியா இதயத்துக்கும் குடலுக்கும் போறது. எலியைப் பொறுத்தவரை முகத்துக்குப் போற ஏழாவது நரம்பு ரொம்ப முக்கியம். மீசையை ஆட்டித்தான் எலி இருட்டில் உலகத்தைத் தடவிப் பார்க்குது. இந்தக் குழுவை அவுட்புட் டிரைவர்னு சொல்லலாம், பெரிய சர்ச்சை எதுவும் இல்லை.

ரெண்டாவது குழு, மூளைக்குள்ளேயே சுத்துற வயர்கள். நம்ம கதாநாயகர்கள் இவங்கதான். நடுமூளையும் பான்ஸும் சேர்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு கொத்து. ஒண்ணு பெடன்குலோபான்டைன் டெக்மென்டல் நியூக்ளியஸ், சுருக்கமா பிபிடி. இன்னொண்ணு லேட்டரோடார்சல் டெக்மென்டல் நியூக்ளியஸ், சுருக்கமா எல்டிடி. மார்செல் மெசுலம் குழு 1983-ல் எலி மூளையின் கோலினெர்ஜிக் கூட்டங்களுக்கு சிஎச்1 முதல் சிஎச்6 வரை நம்பர் போட்டாங்க. அதில் முதல் நாலும் மூளையின் முன்பகுதியில் இருக்கு. பிபிடிதான் சிஎச்5, எல்டிடிதான் சிஎச்6. பெயர் வாயில் நுழையலைன்னா நம்பரைச் சொல்லிக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க.

கேபிள் எங்கெல்லாம் போகுது

இந்த ரெண்டு கொத்தில் இருந்தும் கிளம்புற இழைகள் போகாத இடம் குறைவு. மேல் பாதை ஒண்ணு தலாமஸுக்குப் போகுது. கீழ் பாதை ஒண்ணு ஹைபோதலாமஸுக்கும் மூளை முன்பகுதியின் அடித்தளத்துக்கும் போகுது. வழியில் டோபமைன் நியூரான்கள் இருக்குற சப்ஸ்டான்ஷியா நைக்ரா, விடிஏ ரெண்டுக்கும் கிளை. இது போதாதுன்னு கீழ்நோக்கி பான்ஸ், மெடுல்லாவின் வலைப்பின்னல் பகுதிகளுக்கும் இழைகள் போகுது.

இந்த வரைபடத்தின் முதல் பெரிய வெர்ஷனை ஷூட், லூயிஸ் ரெண்டு பேரும் 1967-ல் எலி மூளையில் போட்டாங்க. அவங்க சாயம் ஏத்தினது எதுக்குத் தெரியுமா? குப்பை அள்ளுற நொதிக்கு. அங்கதான் சிக்கல். அசிட்டைல்கோலினை உடைக்கிற நொதி, அதைத் தயாரிக்காத செல்லிலும் இருக்கலாம். தெருவில் எந்த வீட்டு வாசலில் குப்பைத்தொட்டி இருக்கோ அந்த வீட்டில்தான் பிரியாணி செஞ்சாங்கன்னு சொல்ற மாதிரி. பாதி இடத்தில் சரியா இருக்கும், மீதி இடத்தில் சாப்பிட்டவங்களை சமைச்சவங்கன்னு எழுதிடுவோம்.

1980-களில் சாட் நொதிக்கு எதிரான ஆன்டிபாடி வந்த பிறகுதான் சமையல்காரரையே நேரடியா அடையாளம் காண முடிஞ்சது. ஷூட், லூயிஸ் வரைஞ்சதில் முக்கியமான பாதைகள் தப்பிச்சது, சில இடங்கள் அழிஞ்சது.

இங்கே ஒரு குட்டி சுவாரஸ்யம். 1983-ல் என்ஏடிபிஎச்-டயஃபோரேஸ்னு ஒரு பழைய சாயம் பிபிடி, எல்டிடியின் கோலினெர்ஜிக் செல்களை மட்டும் அழகா நீலமாக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஏன்னு தெரியலை. 1991-ல் விடை கிடைச்சது. அந்தச் சாயம் ஒட்டுறது நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிற நொதியில். அதாவது இந்த செல்கள் அசிட்டைல்கோலினோட சேர்த்து ஒரு வாயுவையும் சிக்னலா விடுது.

தலாமஸில் என்ன செய்யுது

கண், காது, மீசையில் இருந்து வர்ற தகவல் கார்டெக்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி தலாமஸைத் தாண்டித்தான் போகணும். இந்த ரிலே நியூரான்களுக்கு ரெண்டு மோடு உண்டு. மின்னழுத்தம் இறங்கிக் கிடந்தா, கொத்துக் கொத்தா வெடிக்கிற பர்ஸ்ட் மோடு. ஆழ்ந்த தூக்கத்தில் இப்படித்தான் இருக்கும், வெளித்தகவல் ஒழுங்காப் போகாது. மின்னழுத்தம் கொஞ்சம் ஏறினா டோனிக் மோடு. உள்ளே வந்தது அப்படியே வெளியே போகும்.

மூளைத்தண்டில் இருந்து வர்ற அசிட்டைல்கோலின் ரிலே நியூரானில் பொட்டாசியம் கசிவை அடைக்குது. மின்னழுத்தம் ஏறுது, டோனிக் மோடுக்கு வருது. அதே நேரம், ரிலேவை அமுக்கி வச்சிருக்குற பக்கத்து தடுப்பு நியூரான்களில் இதே அசிட்டைல்கோலின் பொட்டாசியம் வாசலைத் திறந்து அவங்களை அடக்குது. ஒரே கெமிக்கல், ரெண்டு ரிசெப்டார், ரெண்டு நேரெதிர் விளைவு. ஆனா ரெண்டும் ஒரே பக்கம் தள்ளுது: வாசலைத் திற. 1980-களில் டேவிட் மெக்கார்மிக் போன்றவங்க மூளைத் துண்டுகளில் இதைக் காட்டினாங்க.

முழிச்சிருக்கும்போதும் ரெம் தூக்கத்திலும் இஇஜி ஒரே மாதிரி தெரியறதுக்கு இது ஒரு நல்ல விளக்கம். 2014-ல் எலியில் ஒவ்வொரு நியூரானா ரெக்கார்ட் பண்ணி, பிறகு அது எந்த வகைன்னு சாயம் ஏத்திப் பார்த்தாங்க. கோலினெர்ஜிக் நியூரான்கள் அதிகமாச் சுடுறது சரியா இந்த ரெண்டு நிலையிலும்தான். மெதுவான அலைத் தூக்கத்தில் அடங்கிக் கிடக்கும்.

அப்போ ஸ்விட்ச் இவங்கதானா?

சந்தேகம் ஏன் வந்ததுன்னு பார்ப்போம். ரெம் தூக்கத்துக்கான மூளைத்தண்டு ஆராய்ச்சி முதல்ல பூனையில் நடந்தது. 1950-களின் கடைசியில் மிஷெல் ஜூவே அதை பான்ஸ் வரைக்கும் துரத்திட்டுப் போனார். 1960-களில் அசிட்டைல்கோலினைப் போலவே வேலை செய்யுற கார்பக்கோலை பூனையின் பான்ஸில் விட்டா ரெம் தூக்கம் வருதுன்னு பார்த்தாங்க. 1975-ல் ஹாப்சனும் மெக்கார்லியும் இதை ஒரு மாடலாக்கினாங்க. ரெம்-ஆன் செல்கள், ரெம்-ஆஃப் செல்கள், ரெண்டும் மாறி மாறி ஏறி இறங்கும். கோலினெர்ஜிக் பக்கம்தான் 'ஆன்'.

ஆனா கார்பக்கோல் பூனையில் காட்டின மாதிரி தெளிவான ரிசல்ட்டை எலியில் காட்டலை. 2006-ல் ஜுன் லூ, கிளிஃபோர்ட் சேபர் குழு எலியை வச்சு நேச்சர் இதழில் ஒரு வேறு சர்க்யூட்டை முன்வச்சாங்க. பான்ஸில் ஒரு கூட்டம் ரெம்-ஆன். நடுமூளைப் பக்கம் ஒரு கூட்டம் ரெம்-ஆஃப். ஒண்ணை ஒண்ணு காபா மூலமா அடக்கும். கட்டுரைத் தலைப்பிலேயே ஃபிளிப்-ஃபிளாப்னு எழுதியிருந்தாங்க!

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பர் எழுதின எல்லாருக்கும் இது தெரியும். ரெண்டு நார் கேட்டைக் குறுக்கே இணைச்சா வர்ற எஸ்ஆர் லாட்ச். ஒரு பக்கம் ஜெயிச்சா மறுபக்கத்தை அமுக்கும், அமுக்கினதால தான் இன்னும் பலமாகும். அதனால நடு நிலைன்னு ஒண்ணு நிலைக்காது. பாதி ரெம், பாதி விழிப்புன்னு தொங்கிட்டு இருக்காது. எலியின் இஇஜி சில நொடிகளில் மாறினதுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

இந்த மாடலில் கோலினெர்ஜிக் கூட்டம் லாட்சுக்கு உள்ளே இல்லை. பிபிடி, எல்டிடி செல்களை அழிச்சுப் பார்த்தப்போ ரெம் தூக்கத்தில் பெரிய மாற்றம் வரலை. கதாநாயகன் பக்கவாத்தியம் ஆயிட்டான்.

பக்கத்து வீட்டுப் பிரச்சினை

இங்கே நிறுத்திட்டா கதை முடிஞ்சது. ஆனா அழிக்கிற சோதனையிலும், கரன்ட் கொடுக்கிற சோதனையிலும் ஒரு பொதுவான ஓட்டை இருக்கு. எலியின் பிபிடி, எல்டிடி ரெண்டிலும் கோலினெர்ஜிக், குளூட்டமேட், காபா மூணு வகை நியூரான்களும் கலந்து கிடக்குன்னு 2009-ல் தெளிவாக் காட்டினாங்க. அதில் கோலினெர்ஜிக் வகை சிறுபான்மை. பிரெட்போர்டில் மூணு சர்க்யூட்டை ஒரே இடத்தில் நெருக்கி வச்சுட்டு, அந்த மூலைக்கே மொத்தமா 5 வோல்ட் கொடுத்தா, எல்இடி எரிஞ்சதுக்கு எந்த சர்க்யூட் காரணம்னு எப்படிச் சொல்வீங்க?

தீர்வு ஆப்டோஜெனடிக்ஸ். ஒளி பட்டா திறக்கிற ஒரு பாசிப் புரதத்தை, மரபணு மாற்றின சுண்டெலியின் கோலினெர்ஜிக் செல்களில் மட்டும் வர வைக்கிறாங்க. மெல்லிய ஃபைபரில் நீல ஒளி கொடுத்தா அந்த செல்கள் மட்டும் சுடும், பக்கத்து வீடு சும்மா இருக்கும்.

2015-ல் கிறிஸ்டா வான் டோர்ட் குழு (எமெரி பிரௌன், எட் பாய்டன் இதில் உண்டு) சுண்டெலி ரெம் அல்லாத தூக்கத்தில் இருக்கும்போது இப்படித் தூண்டினாங்க. ரெம் எபிசோடுகளின் எண்ணிக்கை கூடியது. ஆனா ஒவ்வொரு எபிசோடின் நீளம் மாறலை.

இந்த ரெண்டு வரியை நிதானமா மறுபடி படிங்க. எண்ணிக்கை கூடியது, நீளம் மாறலை. லாட்ச் பாஷையில் சொன்னா, இது 'செட்' பின் நடந்துக்கிற விதம். ஒரு பல்ஸ் கொடுத்தா நிலை மாறும். மாறின பிறகு எவ்வளவு நேரம் அங்கேயே இருக்கும்னு செட் பின் முடிவு பண்றதில்லை, உள்ளே இருக்குற குறுக்கு இணைப்புதான் முடிவு பண்ணும்.

2017-ல் டேனியல் க்ரோகர் குழு பிபிடியில் மூணு வகையையும் தனித்தனியாத் தூண்டினாங்க. குளூட்டமேட் வகையைத் தூண்டினா சுண்டெலி நீண்ட நேரம் முழிச்சிருந்தது. கோலினெர்ஜிக் வகையைத் தூண்டினா தூக்கத்தின் மெதுவான அலைகள் குறைஞ்சது, ஆனா எலி எழுந்து உட்காரலை. "மூளைத்தண்டு அசிட்டைல்கோலின் எழுப்பி விடும்"னு பொத்தாம்பொதுவா எழுதின வரியில் பாதி, பக்கத்து வீட்டுக்காரரோட வேலை.

கடைசி திருப்பம் 2018. ஜப்பானில் ஹிரோகி உயேடா குழு, எம்1, எம்3 ரெண்டு மஸ்கரினிக் ரிசெப்டாரும் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினாங்க. ரெம் தூக்கம் கிட்டத்தட்ட காணாமலே போச்சு. எலி உயிரோடதான் இருந்தது.

குழப்பமா இருக்கா? செல்லை அழிச்சா பெரிசா ஒண்ணும் ஆகலை, ரிசெப்டாரை எடுத்தா எல்லாம் போச்சு. ரெண்டும் ஒத்துப்போக வழி இருக்கு. ரிசெப்டார் மூளை முழுக்கப் பரவலா இருக்கு. அதுக்கு அசிட்டைல்கோலின் கொடுக்கிறது பிபிடி, எல்டிடி மட்டும் இல்லை, முன்மூளைக் கூட்டங்களும் உண்டு. மேலும், ஒரு கொத்தை அழிச்சா எல்லா செல்லும் செத்துடாது, மிச்சம் இருக்குறது சமாளிக்கலாம். அதனால இன்னைக்கு நியாயமாச் சொல்லக்கூடியது இவ்வளவு: ரெம் தூக்கத்துக்கு அசிட்டைல்கோலின் சிக்னல் தேவை. மூளைத்தண்டுக் கூட்டத்தால் அதைத் தொடங்கி வைக்க முடியும். ஆனா பிடிச்சு வச்சிருக்கிறது அவங்க மட்டும் இல்லை.

இது ஏன் வெறும் எலிக்கதை இல்லை

1966-ல் ரஷ்யாவில் ஷிக், செவெரின், ஓர்லோவ்ஸ்கி மூணு பேரும் பூனையின் நடுமூளையில் ஒரு இடத்தில் கரன்ட் கொடுத்தா பூனை டிரெட்மில்லில் நடக்குதுன்னு காட்டினாங்க. கரன்டைக் கூட்டினா ஓடுது. அந்தப் பகுதி பிபிடியை ஒட்டியது. 1987-ல், பார்கின்சன் நோயாளிகளின் மூளையில் பிபிடி கோலினெர்ஜிக் செல்கள் அழிஞ்சிருக்குன்னு எட்டியன் ஹிர்ஷ் குழு அறிவிச்சது. பார்கின்சனில் கால் தரையில் ஒட்டிக்கிட்ட மாதிரி நடை உறைஞ்சு போறது உண்டு. டோபமைன் மாத்திரை இதுக்குப் பல நேரம் கைகொடுக்கறதில்லை. ரெண்டையும் கூட்டிப் பார்த்து, 2005 முதல் நோயாளிகளின் இந்தப் பகுதியில் ஆழ்மூளைத் தூண்டல் எலக்ட்ரோடு வைக்க ஆரம்பிச்சாங்க.

ரிசல்ட்? சிலருக்கு நல்லா உதவுது, சிலருக்கு இல்லை. இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கு.

2018-ல் சுண்டெலிகளில் செல் வகை பிரிச்சுப் பார்த்தப்போ, நடையைத் தொடங்கி வேகத்தைக் கட்டுப்படுத்துறது இந்தப் பகுதியின் குளூட்டமேட் நியூரான்கள்னு தெரிய வந்தது. மெதுவான நடைக்கு பிபிடியும் பக்கத்து கியூனிஃபார்ம் பகுதியும் சேர்ந்து, வேகமா ஓடித் தப்பிக்க கியூனிஃபார்ம். கோலினெர்ஜிக் கூட்டத்தின் பங்கு இதைவிட நுணுக்கமானது. 2016-ல் எலியில் பார்த்தப்போ, பிபிடியில் இருந்தும் எல்டிடியில் இருந்தும் விடிஏவுக்குப் போற ரெண்டு கோலினெர்ஜிக் இழைகளும் "இதை மறுபடி செய்"னு பரிசு சிக்னல் கொடுக்குது. ஆனா நடமாட்டத்தில் ரெண்டும் நேரெதிர் வேலை செய்யுது. ஒரே கெமிக்கல், ஒரே இலக்கு, பக்கத்துப் பக்கத்து ஊர்.

இப்போ யோசிங்க. மனுஷ மூளைக்குள்ளே இறங்குற எலக்ட்ரோடுக்கு கோலினெர்ஜிக் செல் எது, குளூட்டமேட் செல் எதுன்னு தெரியாது. சில மில்லிமீட்டர் தள்ளிப் போனா வேற சர்க்யூட். நாலு காலில் நடக்குற எலியின் வரைபடம் ரெண்டு காலில் நடக்குற நமக்கு அப்படியே பொருந்தவும் செய்யாது. ஆனா எந்த அதிர்வெண், எந்த இடம், எந்த நேரத்தில் கொடுக்கணும்னு யோசிக்க ஒரு ஆரம்பம் எலிதான் கொடுக்குது.

இசிஇ, பயோமெடிக்கல் நண்பர்களுக்கு இதில் நேரடி வேலை இருக்கு. இஇஜியையும் இஎம்ஜியையும் சேர்த்து தூக்க நிலையைத் தானாகக் கண்டுபிடிக்கிற கிளாசிஃபயர், நடை உறையப் போறதை முன்கூட்டிப் பிடிச்சு அப்போ மட்டும் தூண்டுற மூடிய வளையக் கருவி, கரன்டை ஒரு பக்கமா மட்டும் செலுத்துற எலக்ட்ரோடு வடிவமைப்பு. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு மறுபடியும் "ஸ்மார்ட் டஸ்ட்பின்" செய்யறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

பயாலஜி பக்கமே வராதவங்களும் ஒண்ணை எடுத்துட்டுப் போகலாம். யாராவது "மூளையின் இந்தப் பகுதிதான் இதைச் செய்யுது"ன்னு சொன்னா மூணு கேள்வி கேளுங்க. அந்தப் பகுதியில் எந்த வகை செல்? அதைத் தூண்டினா வருதா? அதை எடுத்தா போகுதா? மூணுக்கும் பதில் ஒரே பக்கம் இருந்தா நம்பலாம். பிபிடி, எல்டிடிக்கு அது இன்னும் ஒரே பக்கம் வரலை. அதனாலதான் அந்த எலியைச் சுத்தி இன்னமும் ரெக்கார்டிங் ஓடிட்டு இருக்கு.